ஒரு விரலைச் சொடுக்கினால்

அன்பு மகளுக்கு,

டான்ஸ் மாஸ்டர் ஆகப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அப்பா முகம் எப்படிப் போயிருக்கும் என்று தெரியும். அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். அதற்குள் நீ பாப் ஃபாஸி என்ற அமெரிக்கரைக் கொஞ்சம் தெரிந்துகொள். மேடை, சினிமா இரண்டுக்கும் நடனம் அமைத்தவர். இரண்டும் ஒன்றல்ல என்பதை அடிபட்டுக் கற்றவர்.

1927இல் சிகாகோவில் பிறந்தார். பள்ளி நாளிலேயே இரவு விடுதிகளில் டாப் டான்ஸ் ஆடியவர். நடிகனாகலாம் என்று ஹாலிவுட் போனார். பெரிய வேடம் எதுவும் அமையவில்லை. 1953இல் வந்த ‘கிஸ் மீ கேட்’ படத்தில், கரோல் ஹேனியோடு ஆடும் ஒரு சின்னத் துண்டை மட்டும் அவரே அமைத்துக்கொள்ள விட்டார்கள். ஒரு நிமிடம்கூட வராது. அது கண்ணில் பட்டதில், அடுத்த ஆண்டே பிராட்வேயின் ‘தி பஜாமா கேம்’ நாடகத்துக்கு நடனம் அமைக்கக் கூப்பிட்டார்கள். புதுப் பையன் சொதப்பினால் சரிசெய்ய, அனுபவமுள்ள ஜெரோம் ராபின்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கூப்பிட்டார்கள். டோனி விருது கிடைத்தது.

அந்த நாடகத்தில் ‘ஸ்டீம் ஹீட்’ என்றொரு பாட்டு. ஆடுவது மூன்றே பேர். கறுப்புக் கோட்டு, வட்டத் தொப்பி. முட்டி உள்பக்கம் மடங்கியிருக்கும், தோள் கூனியிருக்கும், நீராவி கசிவது போல வாயால் ‘உஸ்’ என்பார்கள். மேடையில் நாற்பது பேர் குதித்தால் பார்ப்பவர் கண் அலையும். மூன்று பேர் ஒடுங்கி நின்று ஒரு விரலைச் சொடுக்கினால், கடைசி வரிசையில் இருப்பவரும் அந்த விரலைத்தான் பார்ப்பார். தலை வழுக்கை, அதனால் தொப்பி. கால் வெளிப்பக்கம் திரும்பாது, அதனால் உள்முட்டி என்று ஃபாஸியைப் பற்றி ஒரு கதை உண்டு. பொய்யில்லை. ஆனால் வழுக்கை எத்தனையோ பேருக்கு இருக்கிறது! ஒரு சின்ன அசைவு பெரிதாகத் தெரிய, சுற்றிலும் எதையெல்லாம் அசையாமல் நிறுத்த வேண்டும் என்று அவர் போட்ட கணக்கைப் பார்.

1966இல் ‘ஸ்வீட் சாரிட்டி’ மேடையில் நன்றாக ஓடியது. 1969இல் அதையே படமாக இயக்கினார். கேமரா கைக்கு வந்த குஷியில் ஜூம், நிலைப்படம் என்று வித்தை காட்டினார். படம் ஓடவில்லை. என்னைக் கேட்டால், நடனங்களில் குறையே இல்லை. பார்க்க வேண்டிய இடத்தை நடனம் ஒரு பக்கம் காட்ட, கேமரா வேறு பக்கம் இழுத்தது.

அடுத்தது 1972இல் ‘காபரே’ படம். நாஜிகள் தலையெடுக்கும் பெர்லினில் ஓர் இரவு விடுதி. இதன் மூல மேடை நாடகத்தில் விடுதிக்கு வெளியே பாடிய பாட்டுகளைக் கழற்றிவிட்டு, ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் விடுதி மேடையிலேயே வைத்தார். தொடையிலும் கன்னத்திலும் தட்டி ஆடும் பவேரியக் கூத்து ஒன்று வரும். அதே நேரம் வெளியே விடுதி நிர்வாகியை நாஜிகள் அடிக்கிறார்கள். தட்டு இங்கே, அடி அங்கே என்று மாற்றி மாற்றி வெட்டியிருப்பார்கள். ஸ்டெப் மிகச் சாதாரணம். அந்தக் காட்சியின் நடனம் எடிட்டிங் மேஜையில் அமைந்தது. 1973இல் ‘காட்ஃபாதர்’ கொப்போலாவைத் தாண்டி இயக்குநருக்கான ஆஸ்கர் வந்தது. அதே ஆண்டு வேறு வேலைகளுக்காக, மேடைக்கான டோனியும் டிவிக்கான எம்மியும் சேர்ந்தன.

அவர் மனைவி க்வென் வெர்டனையும் மறக்காதே. ‘ஸ்வீட் சாரிட்டி’யில் மேடையில் தான் ஆடிய வேடத்தை, படத்தில் ஷெர்லி மெக்லைனுக்குக் கூட இருந்து சொல்லிக்கொடுத்தவர். மாஸ்டர் மனதில் இருப்பதை இன்னொருவர் உடம்பில் ஏற்றுவது தனி வித்தை. நீயும் சில வருஷம் யாரிடமாவது உதவியாளராக இருந்துதான் ஆக வேண்டும்.

சிகரெட், மாத்திரை, தூக்கமில்லாத வேலை என்று 1974இல் இதய அறுவை சிகிச்சை வரை போனார். அதையும் ‘ஆல் தட் ஜாஸ்’ என்று படமெடுத்தார். படத்தைப் பார், பழக்கம் வேண்டாம். அறுபது வயதில் போய்விட்டார்.

இப்போது உனக்கு ஒரு வேலை. ஆண்டு விழா நடனத்தை, போனை அசைக்காமல் ஸ்டாண்டில் வைத்து ஒரே ஷாட்டில் எடு. பிறகு அதையே நான்கு ஷாட்டாகப் பிரித்து எடு. இரண்டாவதில் எந்த ஸ்டெப் தேவையில்லாமல் போகிறது, எது போதாமல் போகிறது என்று கவுண்ட்டோடு குறித்து வை. பொங்கல் லீவில் வரும்போது உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
சித்தப்பா