வாங்கு முறிந்தால் வங்குரோத்து

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நம் நாடு நிறுத்தியபோது, ‘வங்குரோத்து’ என்ற சொல் ஹட்டன் கடைத்தெரு வரை கேட்டது. அது எங்கிருந்து வந்தது?

அக்கால இத்தாலிய நகரங்களில் காசு மாற்றுவோர் சந்தையில் ஒரு வாங்கு போட்டுத் தொழில் செய்தனர். வாங்குக்கு அவர்கள் மொழியில் ‘பங்கா’. ‘பங்கா ரொட்டா’ என்றால் முறிந்த வாங்கு. கடனைத் திருப்பித் தர முடியாதவரின் வாங்கை உடைத்துப் போடுவார்கள் என்று ஒரு கதையும் உண்டு. அதிலிருந்தே ஆங்கிலேயரின் ‘பேங்க்ரப்ட்’, ஒல்லாந்தரின் ‘பங்க்ரூட்’. நமது வங்குரோத்தும் அதே குடும்பம். நாம் உட்காரும் ‘வாங்கு’ போர்த்துக்கேயர் தந்த சொல். அதுவும் இதற்கு உறவு.

மலைநாட்டிலும் ஒரு பெரிய வாங்கு முறிந்தது. 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. தோட்டங்கள் வீழ்ந்தன. அவற்றுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதம் கதவை மூடியது. மக்கள் கையில் இருந்ததோ அந்த வங்கியின் நோட்டுகள். ஆளுநர் ஆர்தர் கோர்டன் அவற்றுக்கு அரசு பொறுப்பு என்று அறிவித்துக் காப்பாற்றினார்.

நமது கடைக்கு எந்த ஆளுநரும் பொறுப்பு நிற்க மாட்டார். இன்றிரவே கடன் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். கொடுத்ததெல்லாம் ஒரே தோட்டத்துச் சம்பள நாளை நம்பி நிற்கிறதா? கொழுந்து குறைந்தால் நமக்கு வரவு நிற்கும். மொத்த வியாபாரிக்குக் கொடுத்த காசோலையின் திகதி நிற்காது.

வாங்கு முறியுமுன் ஆடத் தொடங்கும். ஆடும்போதே கடன் தந்தவரிடம் போய் உண்மையைச் சொல்லித் தவணை கேளுங்கள். முறிந்த பிறகு சொல்லும் உண்மைக்கு விலையில்லை.