மறுபடியும் 'விடாது கருப்பு'

திரிங்காப் குளிரிலும் ஈரத்திலும் எங்கள் வீட்டு வீடியோ நாடாக்கள் பல பூஞ்சணம் பிடித்துவிட்டன. அத்தகைய நாடாவை ஓட்டினால் கருவியின் ஹெட் அழுக்கேறி, அடுத்த நாடாவும் கெடும். ஆயினும் 'மர்மதேசம்' வரிசையின் 'விடாது கருப்பு' நாடாக்களை நான் எறியவில்லை.

1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வந்த தொடர் அது. கதை இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கம் நாகா. முதல் முறை பார்ப்போரைக் 'குதிரையில் வரும் கருப்பு யார்?' எனும் கேள்வியே இழுக்கும். விடை தெரிந்து மறுபடி பார்க்கும்போதுதான், அன்று கவனியாத ஒரு பார்வைகூடத் தடயமாகத் தெரியும். நாடாவைச் சேர்த்துவைப்பதன் பயன் இதுவே. (தோட்டத்து முனியாண்டி கோயிலை இரவில் கடந்தவர்களுக்குக் கூடுதல் பயமும் உண்டு!)

ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் வீடியோ கருவித் தயாரிப்பை நிறுத்தியது. என் பழைய கருவி ஓடும்போதே நாடாக்களைத் துடைத்துக் கணினியில் பதிந்து வருகிறேன். கடைசிப் பகுதி உள்ள நாடாவில்தான் பூஞ்சணம் அதிகம்.