கிரிவலப் பாதையில் நீர்மோர்ப் பந்தல்: தொற்றுக் காலக் குறிப்புகள்

தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அன்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில்தான் நேர்ந்தது. அந்த ஆண்டு மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்களே இல்லாமல் நடந்தது. நாம் அதைக் கைப்பேசியில் பார்த்தோம். இன்னொரு தொற்று வந்து, கட்டுப்பாடுகளோடு கூட்டத்தை அனுமதித்தால், திருப்பரங்குன்றத்தில் பௌர்ணமி கிரிவலத்துக்கும் வைகாசி விசாகப் பால்குடத்துக்கும் மோர், அன்னதானம் கொடுக்கும் குழுவினர் என்ன செய்யலாம்?

1. பந்தலுக்குக் கூரை மட்டும் போதும்; பக்கத்தில் தட்டியோ துணியோ கட்டாதீர்கள். கொரோனா போன்ற நோய் பெரும்பாலும் மூச்சுக்காற்றில்தான் பரவுகிறது. மலையைச் சுற்றி நடந்துகொண்டே இருப்பவரைவிட, மண்டபத்துக்குள் நெருக்கி நிற்பவருக்கும், காற்றோட்டம் குறைந்த குடைவரைச் சன்னதி முன் காத்திருப்பவருக்கும்தான் ஆபத்து அதிகம். ஆகவே சன்னதித் தெரு நெரிசலில் பந்தல் போடாமல், பாதை அகலமாக இருக்கும் இடமாகப் பாருங்கள்.

2. பொது டம்ளர் வேண்டவே வேண்டாம். காகிதக் கோப்பைகளில் ஊற்றி, மூடி வைத்து, வருகிறவர்களே எடுத்துக்கொள்ளும்படி செய்யுங்கள். குடிக்கும்போது எல்லோரும் முகக்கவசத்தை இறக்குவார்கள். அதனால் மேசையை ஒட்டி நின்று குடிக்க விடாமல், பத்தடி தள்ளி ஒரு மரநிழலைக் காட்டுங்கள்.

3. சானிடைசர் தடவிய ஈரக் கையோடு கற்பூரம், நெய்விளக்கு, அன்னதான அடுப்பு எதன் பக்கமும் போகக் கூடாது. அது எரிசாராயம், சட்டென்று பற்றிக்கொள்ளும். கோயில் பக்கம் சோப்பும் தண்ணீருமே நல்லது. குழாய் வைத்த டிரம்மின் பக்கத்தில், வெங்காயம் வரும் வலைப்பைக்குள் சோப்பைப் போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள். வழுக்கி மண்ணில் விழாது. கழுவுவது 20 விநாடியாவது இருக்கட்டும்.

4. "வரிசையில வாங்க, வரிசையில வாங்க" என்று தொண்டை கிழியக் கத்தினால் எச்சில் துளி இன்னும் தூரம் போகும். அதையே பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிப் பிடியுங்கள், அல்லது பதிவு செய்து ஒலிபெருக்கியில் போடுங்கள். தரையில் சுண்ணாம்புக் கோடு இருந்தால் பாதிப் பேச்சு மிச்சம்.

5. வைகாசி வெயிலில் முகக்கவசம் சீக்கிரமே வியர்வையில் நனைந்துவிடும். ஆளுக்கு மூன்று உலர்ந்தவை கையில் இருக்க வேண்டும். நனைந்ததைத் தனிப் பையில் போடுங்கள்.

6. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: தொண்டர்களின் சாப்பாட்டு நேரம். காலையெல்லாம் கவனமாக இருந்தவர்கள், வேலை முடிந்ததும் வேனுக்குள்ளோ கல்யாண மண்டப அறைக்குள்ளோ வட்டமாக உட்கார்ந்து, முகக்கவசத்தைக் கழற்றி, பேசிச் சிரித்துச் சாப்பிடுவார்கள். வந்தவர்களிடமிருந்து தப்பித்தாலும், தொற்று இங்கே ஒரே பந்தியில் குழு முழுக்கப் பரவிவிடும். பொட்டலச் சோறாகக் கட்டி, இரண்டு இரண்டு பேராக, வெட்டவெளியில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஊருக்குத் திரும்பும்போது வேனின் சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

7. தலைசுற்றல், மயக்கம் எல்லாமே தொற்று ஆகிவிடாது. பால்குடம் சுமந்தவர்களுக்கு வெயிலே போதும். நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணியால் துடையுங்கள். தெளிவாகப் பேசி விழுங்க முடிந்தால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டிச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நினைவு தடுமாறினால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

8. பிளீச்சிங் பவுடர் கரைசலை ஆட்கள் மேல் தெளிக்கவே கூடாது. கண்ணும் தோலும் எரியும், கிருமிக்கும் அதனால் தடையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

9. குப்பைத் தொட்டிக்கு மூடி கட்டாயம். மலைக் குரங்குகள் முகக்கவசத்தையும் சோற்றுப் பொட்டலத்தையும் ஒன்றாக இழுத்துப் போட்டுவிடும்.

10. வயதானவர்களும் சர்க்கரை நோயாளிகளும் வீட்டிலிருந்தே பொட்டலம் கட்டலாம், கணக்கு எழுதலாம், அதுவும் தொண்டுதான். அன்றைக்கு வந்த தொண்டர்களின் பெயர், கைப்பேசி எண்ணை ஒரு நோட்டில் எழுதி 14 நாள் பத்திரமாக வையுங்கள். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர்களுக்கு அன்றே சொல்லிவிடலாம். காய்ச்சல் வந்தவருக்கு ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனால் வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சந்தேகம் கேட்க 104, ஆம்புலன்சுக்கு 108.