உறையும் கடிதமும்: சர்வர் கண்காணிப்பில் தனியுரிமை

கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் 1957இல் தொடங்கிய மிளகு முன்பேர வணிகம் நெடுங்காலம் கூவல் முறையில் நடைபெற்றது. மண்டபத்தில் கூறப்பட்ட விலை எல்லோர் செவியிலும் விழுந்தது; வெளிநாட்டு வாங்குநருக்கு வணிகர் எழுதிய கடிதமோ அவருக்கே உரியதாயிருந்தது. இன்று ஏற்றுமதி நிறுவனத்தின் விலைப்புள்ளியும், வங்கிக் கணக்கு எண்ணும், ஊழியரின் சொந்த அஞ்சலும் ஒரே சர்வரில் அடங்கிவிடுகின்றன.

விலைப்பட்டியலில் கணக்கு எண்ணை மட்டும் மாற்றிப் பணத்தைத் திசைதிருப்பும் மோசடி உலகெங்கும் அறியப்பட்டதாகும். பெரும்பாலும், கடவுச்சொல்லைத் திருடிய அயலார் ஒருவர் அதற்குமுன் பல நாட்கள் ஓசையின்றிக் கடிதங்களைப் படித்திருப்பார். ஆகவே கண்காணிப்பு இன்றியமையாதது. எனினும் திருடனைப் பிடிக்கும் பொருட்டு நிர்வாகமே அனைவர் கடிதங்களையும் படிக்குமாயின், காக்க வேண்டியதே பறிபோகும்.

இதற்கு உறையையும் கடிதத்தையும் வேறுபடுத்தியாக வேண்டும். யார், எப்போது, எங்கிருந்து நுழைந்தார். எத்தனை முறை கடவுச்சொல் தவறியது. வரும் அஞ்சலையெல்லாம் வெளி முகவரிக்குத் திருப்பும் விதி புதிதாகச் சேர்க்கப்பட்டதா என்பவை உறையின் மேலெழுத்துப் போன்றவை. பெரும்பாலான ஊடுருவல்கள் இவற்றிலேயே புலப்படும். ஆயினும் மேலெழுத்தும் முற்றிலும் தீங்கற்றதன்று. ஓர் ஊழியர் அடிக்கடி எந்த மருத்துவமனைக்கு எழுதுகிறார் என்பதே அவரது நோயைக் கூறிவிடக்கூடும்.

2022 ஏப்ரல் 28 அன்று மைய அரசின் கணினி அவசரநிலைக் குழு பிறப்பித்த ஆணை, பதிவுகளை 180 நாட்கள் காக்கவும், குறிப்பிட்ட வகை ஊடுருவல்களை 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்கவும் பணிக்கிறது. நிறுவனத்திற்குள் அப்பதிவை எவர் பார்க்கலாம் என்பதை அது வகுக்கவில்லை. இதற்கு வழிகாட்டும் நெறிகள் நீதிமன்றங்களில் கிடைக்கின்றன. தொலைபேசி ஒட்டுக்கேட்பு பற்றிய 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்சநீதிமன்றம் உயர் அதிகாரியின் ஆணை, காலவரம்பு, மறுஆய்வுக் குழு ஆகியவற்றை வலியுறுத்தியது. ஸ்பிரிங்கலர் வழக்கில் 2020 ஏப்ரல் 24 அன்று கொச்சியிலுள்ள கேரள உயர்நீதிமன்றம், கோவிட் நோய்த்தரவில் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மறைத்த பின்னரே நிறுவனத்திற்கு அளிக்குமாறு இடைக்கால ஆணையிட்டது.

அன்றாடச் சோதனையில் பெயருக்குப் பதில் குறியெண் போதும். ஐயம் வலுத்தால் காரணத்தை எழுதி, இரண்டாமவர் ஒப்புதலுடன், குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் கடிதத்தைத் திறக்கலாம். சிறு நிறுவனங்களில் சர்வரைப் பேணுபவர் பெரும்பாலும் வெளி ஒப்பந்தக்காரர் ஒருவரே. அவர் திறந்து பார்த்தவையும், அவரால் அழிக்கவியலாத வேறோரிடத்தில், முதலாளியின் பொறுப்பில் பதிவாக வேண்டும்.