கொட்டகையில் பிறந்த ரேஸ் கார்

கேள்வி: சக்கரங்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி ரேஸ் காரை ஒருவர் தாமே செய்து பந்தயத்தில் ஓட்ட முடியுமா?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: ஓட்டியிருக்கிறார்கள். 1946இல் இங்கிலாந்தின் சர்பிட்டனில் ஜான் கூப்பரும் நண்பரும் இரண்டு ஃபியட் டோபோலினோ கார்களின் முன்பாதிகளை முதுகோடு முதுகு வைத்து ஒட்டினார்கள். 500 சிசி ஜேஏபி மோட்டார் சைக்கிள் எஞ்சின், பின்சக்கரத்துக்குச் செயின். எஞ்சின் முன்னால் இருந்தால் செயின் நீண்டு தொல்லை தரும். எனவே எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் போயிற்று. பெரிய சித்தாந்தமெல்லாம் இல்லை, வசதிதான்! 1959இல் அதே வழியில் வந்த பின்எஞ்சின் கூப்பர் காரில்தான் ஜாக் பிராபம் உலக சாம்பியன் ஆனார்.

உங்கள் ஊர்க்காரர் கரிவர்தனை மறக்கலாமா? மாருதி 800இன் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் காரை உருவாக்கியவர். ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் அதில் ஓட்டிப் பழகியவர்தான்.

நீங்களும் செய்வதானால் எஞ்சினுக்குக் காசைக் கொட்டாதீர்கள், பழையது போதும். சேஸிஸ், சஸ்பென்ஷன், பிரேக் மூன்றிலும் கஞ்சத்தனம் கூடாது. வெல்டிங் பழகாதவர் வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரின் தலையைக் காக்கும் ரோல் ஹூப்பைத் தொடவே வேண்டாம், தேர்ந்த கையிடம் கொடுங்கள். எந்தப் பந்தயம் என்று முடிவு செய்து, அதன் விதிப்புத்தகத்தைப் படித்த பிறகே சேஸிஸுக்குக் குழாய் வாங்குங்கள். வண்டி விதிக்கு ஒத்துவராவிட்டால் பந்தயத்துக்கு முந்தைய சோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.