ஓடி ஒதுங்கும் கூரை உறுதியானதா? – 1978 சூறாவளியிலிருந்து ஒரு பாடம்

(சங்கக் கூட்டங்களிலும் வாசகர் வட்டங்களிலும் வாசித்துக் கலந்துரையாடுவதற்கு)

1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய சூறாவளியை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்று ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். அவர்களுக்குப் பிறகு வந்த தலைமுறைக்கு அது வெறும் கதை. ஆகவே கணக்கை மறுபடியும் சொல்லிவைப்பது நல்லது. 900க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பத்து இலட்சம் பேர்வரை பாதிக்கப்பட்டனர். மட்டக்களப்பில் பத்துத் தென்னைகளில் ஒன்பது சாய்ந்தன என்பர். கல்குடாப் பக்கத்தில் கடல் ஊருக்குள் ஏறியது. பொலன்னறுவையையும் விட்டுவைக்காமல் தீவைக் குறுக்கே கடந்த காற்று, மறுநாள் தமிழகக் கரையை அடைந்தது.

இவற்றோடு இன்னும் இரண்டு எண்களைக் கவனியுங்கள். 11 நெற்களஞ்சியங்களில் 9 அழிந்தன. சுமார் 240 பாடசாலைக் கட்டடங்கள் சேதமடைந்தன. கிடுகு வீடு பறப்பதில் வியப்பில்லை. ஆனால் ஊரிலேயே உறுதியானவை என்று நாம் நம்பும் கட்டடங்களும் விழுந்தன. ஆபத்து வந்தால் நாம் ஓடுவது இத்தகைய இடங்களுக்குத்தான்: பாடசாலைக்கு, கோயிலுக்கு, நமது ஆலயத்துக்கு.

கூரை ஏன் பறக்கிறது? காற்றின் வேகம் இரட்டிப்பானால் அதன் விசை நான்கு மடங்காகிறது. கூரையின் மேலாகப் பாயும் காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. அந்த நேரத்தில் காற்று வரும் பக்கத்துக் கதவு உடைந்தால், உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து தள்ளும். சன்னலைத் திறந்துவிட்டால் அழுத்தம் குறையும் என்று சிலர் சொல்வதுண்டு. அது தவறு, திறப்பது காற்றுக்கு வழிவிடுவதாகும். ஓட்டின் பாரத்தை நம்பி மட்டும் கிடக்கும் கூரை தாக்குப்பிடிக்காது. கைமரம் சுவரின் மேல் கிடக்கும் மரத்தோடும், அந்த மரம் சுவரோடும் இரும்புப் பட்டியாலோ முறுக்கிய கம்பியாலோ பிணைந்திருக்க வேண்டும். ஆணி மட்டும் போதாது.

நமது ஆலயங்களைப் பற்றி மனந்திறந்து பேசுவோம். உயர்ந்த முகப்பு, குறுக்குச் சுவரில்லாத நீண்ட மண்டபம், பெரிய கதவுகள் – வழிபாட்டுக்கு அழகு, சூறாவளிக்கு மோசம். கொங்கிறீற் தட்டுள்ள சிறிய அறையே மேல். ஆலயத்தைப் புகலிடமாக அறிவிக்குமுன் ஒரு மேசனையும் ஒரு தச்சரையும் கூரைக்கு ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இது ஆகஸ்ட், செப்டெம்பரில் முடிய வேண்டிய வேலை. வங்கக்கடலில் தோன்றி நமது கரையைத் தாக்கும் சூறாவளிகள் பெரும்பாலும் நவம்பர், டிசெம்பரில் வருகின்றன. 1964இல் தனுஷ்கோடியை அழித்ததும் டிசெம்பரில்தான்.

இன்னொன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சூறாவளியின் நடுப்பகுதியான ‘கண்’ ஊரின் மேலாகச் செல்லும்போது காற்று திடீரென ஓய்ந்துவிடும். வானமும் சற்று வெளிக்கலாம். அது முடிவல்ல. கிழக்குக் கரையில் வடக்கிலிருந்து அடித்த காற்று, சிறிது நேரத்தில் தெற்கிலிருந்து அதே மூர்க்கத்தோடு திரும்பும். முதற் பாதியில் தளர்ந்த சுவரும் மரமும் இரண்டாம் பாதியில் விழும். மாட்டை அவிழ்க்கவும் வள்ளத்தைப் பார்க்கவும் வெளியே போகும் நேரம் அதுவல்ல.

எல்லாப் புயலும் காற்றால் மட்டும் கொல்வதில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த ‘டித்வா’ பெருமழையாலும் மண்சரிவாலும் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மலையகம் பெரிதும் துன்புற்றது. ஆதலால் கரையோரத்தில் புகலிடத்தின் கூரையையும் மேட்டையும் பார்க்க வேண்டும்; மலையகத்தில் அதன் பின்னாலுள்ள சரிவையும் பார்க்க வேண்டும்.

1978இல் பெரும்பாலான கிராமங்களுக்கு வானொலியே செய்தி தந்தது. இன்று கைத்தொலைபேசி இருக்கிறது, ஆனால் மின்சாரம் நின்று கோபுரங்களும் ஓய்ந்தால் பற்றரி வானொலிதான் மிஞ்சும். வீட்டுக்கொன்று இல்லாவிட்டாலும் ஒழுங்கைக்கு ஒன்றாவது இருக்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைச் சுவரில் எழுதிவையுங்கள். அடையாள அட்டை, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுவதற்கு: எமது ஊரின் புகலிடம் எது? அதன் கூரையைக் கடைசியாகப் பார்த்தவர் யார், எப்போது? படுக்கையில் இருக்கும் முதியவர்களை யார் தூக்கி வருவார்கள்? இரவு பத்து மணிக்கு அதன் திறப்பு யாரிடம் இருக்கும்?