நீரிழிவும் குடும்ப ஆகாரமும்

பயிருக்கு உரமிடுவதில் அளவறிந்த குடியானவருள்ளும் பலர் தம் தேகத்திற்கு இடும் ஆகாரத்தின் அளவைக் கவனிப்பதில்லை. ஏற்றமிறைத்தும் ஏருழுதும் வந்த காலத்தில், உண்ட சோறு உழைப்பில் செலவாயிற்று. இப்பொழுது அவ்வேலைகளை மின்சார பம்பும் டிராக்டரும் செய்கின்றன. இலையில் விழும் சோறு மாத்திரம் குறையவில்லை. கிராமங்களில் நீரிழிவு மிகுவதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

அளவு: ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட குறிப்பின்படி, கடின உழைப்பில்லாத ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், கீரையுட்படக் காய்கறி 400 கிராம் போதுமானவை. நம் இலைகளிலோ சோறு குன்றாகவும் காய் தொடுகறியாகவும் இருக்கின்றன. சாமை, வரகு, கேழ்வரகு ஆகியவை நல்லனவே. ஆயினும் அவற்றையும் அளவின்றி உண்ணலாகாது. மாவாக்கிக் காய்ச்சிய கூழ் விரைவில் ஜீரணித்து இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிவிடும்.

வீட்டார் துணை: நோயாளிக்கென்று தனிப்பானை வைக்கும் வீடுகளில் பத்தியம் நெடுநாள் நிலைப்பதில்லை. எதிரிலையில் ஒருவர் வழக்கம்போல் உண்ண, தாம் மட்டும் குறைத்துண்பது எவர்க்கும் அரிது. அளவான சோறும் மிகுந்த காயும் எல்லோர்க்கும் ஏற்றவையாதலின், வீடு முழுவதும் ஒரே சமையலை மேற்கொள்ளுதல் நலம். வரப்பில் அவரையும், கிணற்றடியில் முருங்கையும் கீரைப்பாத்தியும் இருப்பின் காய்க்குச் செலவில்லை.

எச்சரிக்கை: மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர் வைத்தியரைக் கேளாமல் ஆகாரத்தைத் திடீரெனக் குறைத்தலும் பட்டினி கிடத்தலும் ஆபத்து. வயலில் வியர்வை, நடுக்கம், மயக்கம் காணின் உடனே சர்க்கரையோ வெல்லமோ உண்ண வேண்டும். ஆகையால் அதனை மடியில் வைத்துக்கொள்க. நினைவிழந்தவர் வாயில் எதையும் புகட்டாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க.

ஊரார் துணை: தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தின்படி, நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளோர்க்கு வீட்டிலேயே மருந்து தரப்படுகிறது. சுகாதார ஊழியர் வரும் நாளைக் கிராம அதிகாரிகள் முன்னதாக அறிவித்தால், அறுவடை வேலையிலுள்ளோரும் தவறாது காண்பர். முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுதல் அவசியம்.

மண்ணைச் சோதித்து உரமிடும் நாம், இரத்தத்தைச் சோதித்து உண்ணவும் பழகுவோமாக.